செயிண்ட் ட்ரோப்பே: படகு பார்க்கவா, கடல் பார்க்கவா?

பிரான்ஸின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் செயிண்ட் ட்ரோப்பேவுக்கு ரயில் கிடையாது. செயிண்ட் ரஃபேலில் இறங்கி பஸ்ஸோ படகோ பிடிக்க வேண்டும். ஊருக்குள் நுழைய இருக்கும் முக்கிய ரோடு ஒன்றுதான். ஜூலை, ஆகஸ்டில் அந்த ரோட்டில் ஃபெராரியும் ஊர்ந்துதான் போகும், பஸ்ஸும் ஊர்ந்துதான் போகும். சமத்துவம் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது இதைத்தானோ என்னவோ!

இவ்வளவு கஷ்டப்பட்டுப் போய்ச் சேருகிறவர்களில் பாதிப்பேர் செய்வது என்ன? துறைமுகத்தில் வரிசையாகக் கட்டியிருக்கும் சொகுசுப் படகுகளை வேடிக்கை பார்ப்பது. படகின் பின்பக்கம் கரையைப் பார்த்து நிற்கும். அங்கே ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவார். அவரைக் கரையில் நாலு பேர் பார்ப்பார்கள். அந்த நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் அவரும் அங்கே உட்கார்ந்திருப்பார். கடலை இருவருமே பார்ப்பதில்லை. பிறகு சிவப்பு நாற்காலி போட்ட செனெக்கியே கடையில் ஒரு காபி, ஒரு போட்டோ, மறுபடி அதே ரோடு. இதற்குப் பெயர் சுற்றுலா என்றால், கல்யாண மண்டப வாசலில் நின்று பந்தியை எட்டிப் பார்ப்பதற்கு என்ன பெயர்?

(அந்தப் படகுகளுக்கு நடுவே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. சுஃப்ரென் என்ற கடற்படைத் தளபதி. 1782, 83இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் பக்கமெல்லாம் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதியவர் இவர்தான். தமிழர்கள் யாராவது போனால் ஒரு நிமிடமாவது நின்று பார்க்கலாம்.)

ஊர் எப்போதும் இப்படி இல்லை. மீனவர்கள் வாழ்ந்த சின்னத் துறைமுகம். 1892இல் பால் சின்யாக் என்ற ஓவியர் பாய்மரப் படகில் வந்து, இங்குள்ள வெளிச்சத்தில் மயங்கி வீடு எடுத்துத் தங்கினார். அவருக்குப் பின்னால் மத்தீஸ் உள்பட பலர் வந்தார்கள். அவர்களுடைய படங்கள் துறைமுகத்தை ஒட்டிய பழைய சிற்றாலயமான அனோன்சியாத் மியூசியத்தில் இருக்கின்றன. படகுகளிலிருந்து நாலு எட்டுதான். 1956இல் பிரிஜித் பார்தோ நடித்த ஒரு படம் வந்தது, ஊரின் தலையெழுத்தே மாறியது. அதன் பிறகு பணம் வந்தது, வீட்டு விலை ஏறியது. ஊர்க்காரர்களின் எண்ணிக்கை சில பத்தாண்டுகளாகக் குறைந்து இன்று சுமார் 4,000 பேர் ஆகிவிட்டது. ஹோட்டலில் தட்டு கழுவுகிறவருக்கு இங்கே வாடகை கட்டுப்படியாகாது. அவரும் அந்த ரோட்டில்தான் வந்து போக வேண்டும்.

பணக்காரர்களை வேடிக்கை பார்த்தால் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க, இந்தக் கரையே அவர்களுடையது என்று மனசில் பதிந்துவிடுகிறது. அது உண்மையில்லை. 1976இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. கடலை ஒட்டிய தனியார் நிலத்திலும் 3 மீட்டர் அகலத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வழி விட வேண்டும். எத்தனை கோடி கொடுத்து பங்களா வாங்கினாலும் சரி. வீட்டுக்காரர்கள் பல ஊர்களில் கோர்ட் வரை போய் மல்லுக்கட்டிய சட்டம் இது. யாரும் நடக்காவிட்டால் அந்தப் பாதையில் முள்செடிதான் முளைக்கும், அப்புறம் வேலியும் முளைக்கும்.

ஆகவே நடக்க வேண்டும். லா போன்ஷ் என்ற பழைய மீனவர் தெருக்களைத் தாண்டினால் கோட்டை, அதன் கீழே அலைக்குப் பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். அப்புறம் பார்தோ பல வருடம் வாழ்ந்த வீடு இருக்கும் கனுபியே விரிகுடா. பிறகு பைன் மரங்களும் பாறைகளும். 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் பாம்பலோன் கடற்கரை வந்துவிடும். அது பக்கத்து ஊரான ரமத்துயேலைச் சேர்ந்தது, பெயர் மட்டும் செயிண்ட் ட்ரோப்பேவுக்கு! பெரிய பெரிய கிளப்கள் அங்கே இருக்கின்றன, மெத்தை நாற்காலிக்கு யானை விலை. ஆனால் 2006இல் வந்த விதிப்படி இயற்கையான கடற்கரையில் 80 சதவீதம் காலியாக விடப்பட வேண்டும். அங்கே துண்டு விரித்துப் படுக்கக் காசு கிடையாது.

வழியில் கடை அதிகம் இல்லை. தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும், ரப்பர் செருப்பு உதவாது.