புலி திரும்பியது என்று எப்போது எழுதலாம்?

இந்தியாவில் புலி அற்றுப்போன காட்டில் மீண்டும் புலியைக் குடியேற்றும் பணி 2008 ஜூனில் தொடங்கியது. ராஜஸ்தானின் ரந்தம்போரிலிருந்து ஓர் ஆண்புலி விமானப்படை ஹெலிகாப்டரில் சரிஸ்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. அடுத்த சில நாட்களில் ஒரு பெண்புலியும் வந்தது. சரிஸ்காவில் புலியே இல்லை என்ற செய்தி 2005-ல் நாட்டை உலுக்கிய பிறகுதான் புலிகள் பணிக்குழு அமைந்தது. 2006-ல் தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையம் உருவானது. கால்தடத்தை வைத்து எண்ணும் பழைய முறை கைவிடப்பட்டு, தானியங்கி கேமராவை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்பு வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, 2009-ல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா புலிகள் காப்பகமும் காலியானது. இரண்டு இடங்களிலும் புலியை அழித்தது வேட்டை. காடு அப்படியே நின்றது, இரைவிலங்கும் இருந்தது, புலி மட்டும் இல்லாமல் போனது.

அழிந்த இடத்துக்குப் புலி திரும்ப இரண்டு வழிகள் உண்டு. அடுத்த காட்டிலிருந்து தானே நடந்து வரலாம்; அல்லது மயக்க ஊசி போட்டு, கூண்டில் ஏற்றி, மனிதர் கொண்டுவந்து விடலாம். எந்தக் காட்டுக்கு எது பொருந்தும் என்பதைப் பெண்புலியின் இயல்புதான் தீர்மானிக்கிறது. தாயைவிட்டுப் பிரியும் இளம் ஆண் வெகுதூரம் அலைகிறது. வயல், நெடுஞ்சாலை, ரயில்பாதை எல்லாவற்றையும் கடந்து எதிர்பாராத மாவட்டத்தில் தலைகாட்டுவது பெரும்பாலும் அதுதான். பெண்குட்டியோ கூடுமானவரை தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே தனக்கென ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு காட்டில் ஆண்புலியின் தடம் கிடைத்ததை வைத்து மட்டும் அங்கே புலி திரும்பிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பெண் வரவேண்டும், தங்கவேண்டும், அங்கேயே குட்டி ஈனவேண்டும். பெண்கள் ஓர் எல்லையை அடுத்து மற்றோர் எல்லையாக, தலைமுறை தலைமுறையாகத்தான் பரவுகின்றன. இடையில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வெட்டவெளி கிடந்தால் அந்தப் பரவல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

நடந்து வந்த புலிகளுக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சத்தியமங்கலம் காடு நெடுங்காலம் வீரப்பன் தேடுதல் வேட்டையின் களமாகவே அறியப்பட்டது. 2004-ல் அது முடிந்தது. 2008-ல் வன உயிரின சரணாலயமாகவும், 2013-ல் 1,408 சதுர கிலோமீட்டர் பரப்பில் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து ஒரு புலியைக்கூட யாரும் கொண்டுவரவில்லை. மேற்கே முதுமலையும் பந்திப்பூரும், வடக்கே பிலிகிரிரங்கன் மலையும் தொட்டுக்கொண்டு இருக்கின்றன. மாயாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் புலிகள் வந்து போக வழி இருந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர்களின் முகாம்கள் பெருகின, புள்ளிமானும் கடமானும் காட்டுமாடும் நிலைத்தன. அவற்றின் பின்னால் புலியும் நிலைத்தது. புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி 80-க்குக் கொண்டுவந்ததற்காக 2022-ல் இக்காப்பகத்துக்கு டி.எக்ஸ்.2 என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. இந்த வெற்றியில் காவலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு காடுகளின் தொடர்ச்சிக்கும் உண்டு. திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடையை நடைமுறைப்படுத்தும்படி அதே 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கொண்டைஊசி வளைவுகளில் இரவெல்லாம் லாரிகள் ஊர்ந்தால் சாலையின் இருபுறமும் இருப்பது இரண்டு தனித்தனிக் காடுகள்தாம்.

பன்னாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுற்றிலும் ஊர்களும் வயல்களும் சுரங்கங்களும். புலி மிகுந்த காடு எதுவும் பெண்புலி நடந்து வரும் தொலைவில் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் ஆய்வாளர் ரகு சுண்டாவத் அங்கே புலிகளுக்கு ரேடியோ காலர் பொருத்தி ஆராய்ந்தார். காலர் இட்ட பெண்புலிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைக் கண்டு எச்சரித்தவரும் அவரே. அந்த எச்சரிக்கை உரிய காலத்தில் எடுபடவில்லை. 2009 மார்ச்சில் பந்தவ்கரிலிருந்து ஒன்றும் கான்ஹாவிலிருந்து ஒன்றுமாக இரண்டு பெண்புலிகள் கொண்டுவரப்பட்டன. ஓர் ஆணாவது மிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவை அவை. அந்த ஆணும் இல்லை என்பது பிறகே உறுதியானது.

எனவே அந்த ஆண்டு நவம்பரில் பெஞ்ச் காப்பகத்திலிருந்து டி-3 என்ற ஆண்புலி வந்தது. மீள்குடியேற்றத்தில் ஈடுபடும் எவரும் அடுத்து நடந்ததை விரிவாகப் படிக்க வேண்டும். அடைப்பிலிருந்து வெளியே விட்ட சில நாட்களில் டி-3 தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. தான் பிறந்து வளர்ந்த பெஞ்ச் இருந்த திசை அது. கழுத்தில் காலர் இருந்ததால் குறிப்பலையைக் கேட்டுக்கொண்டே பணியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். நான்கு யானைகள், எழுபது பேர்; பகலில் புலி புதரில் படுத்துக்கிடக்க, ஊர்க்காரர்கள் நெருங்காமல் இவர்கள் காவல் நிற்பார்கள்; இருட்டியதும் அது எழுந்து வயல்களின் ஊடே நடக்கும், ஆண்டெனாவைப் பிடித்தபடி இவர்களும் நகர்வார்கள். ஏறத்தாழ ஒரு மாதம், 400 கிலோமீட்டருக்கு மேல். டிசம்பர் 25 அன்று தமோ மாவட்டக் காட்டில் மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்துப் பன்னாவுக்கே மீட்டுவந்தார்கள். இத்தனை நாட்களில் அது ஒரு மனிதரையும் தாக்கவில்லை. அதை யாரும் சுடவோ நஞ்சிடவோ இல்லை. மனிதர் நிறைந்த நிலத்தில் இது தற்செயலாக நடக்கக்கூடியது அல்ல.

திரும்பி வந்த ஆண் மறுபடியும் கிளம்பிவிடாமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். கள இயக்குநர் ஆர். சீனிவாச மூர்த்தியின் குழு எளிய வழி ஒன்றைக் கையாண்டது. உயிர்க்காட்சியகப் பெண்புலியின் சிறுநீரைச் சேகரித்து வந்து, டி-3 நடமாடும் பாதையோரத்து மரங்களில் தெளித்து, பந்தவ்கரிலிருந்து வந்த பெண்புலி டி-1 இருந்த பகுதி வரை அந்த வாசத்தை இழுத்துச் சென்றார்கள். புலி மொழியில் எழுதிய அந்தச் செய்தியை டி-3 பிடித்துக்கொண்டது. 2010 ஏப்ரலில் டி-1 நான்கு குட்டிகளை ஈன்றது. அந்த ஆண்டிலேயே கான்ஹாவிலிருந்து வந்த டி-2-வும் குட்டி போட்டது. அடுத்து 2011-ல், கான்ஹாவில் தாயை இழந்து அடைப்பில் மனிதர் கவனிப்பில் வளர்ந்த இரு சகோதரிப் புலிகள் வந்தன. அவற்றில் டி-4 காட்டில் வேட்டையாடக் கற்று, டி-3-உடன் இணைந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் குட்டியும் ஈன்றது. அடைப்பில் வளர்ந்த புலி காட்டுக்கு உதவாது என்ற கருத்து அதோடு ஆட்டம் கண்டது. இன்று பன்னாவில் 50-க்கும் மேற்பட்ட புலிகள் இருக்கின்றன.

இந்த எண்ணிக்கையைக் கொண்டாடும் கூட்டங்களில் அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு பேசப்படுவது குறைவு. காலர் இட்ட ஒவ்வொரு புலியையும் இரவு பகல் பாராமல், முறைவைத்துப் பின்தொடர்ந்தது ஒரு கூட்டம். ஜீப்பில் ஓட்டுநர், ஆண்டெனா பிடிப்பவர், குறிப்பெழுதுபவர். குறிப்பலை எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, விலங்கு அசைகிறதா கிடக்கிறதா என்று ஏட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் வழக்கத்துக்கு மீறி அசையாமல் கிடந்தால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். இரை அடித்திருக்கலாம், குட்டி ஈன்றிருக்கலாம், சுருக்கில் மாட்டியிருக்கலாம். இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் குறைந்த சம்பளத் தற்காலிகப் பணியாளர்கள். பன்னா மீண்ட கதையில் முதல் மரியாதை அவர்களுக்கே உரியது. வழிவழியாக வேட்டைத் தொழிலில் இருந்த பார்தி சமூகத்துப் பிள்ளைகளுக்கு விடுதியும் படிப்பும், அச்சமூகத்து இளைஞர்களுக்குச் சுற்றுலா வழிகாட்டிப் பணியும் ஏற்பாடு செய்ததும் இதே திட்டத்தின் பகுதிதான். புலி அழிந்த காரணத்தைத் தொடாமல் புலியை மட்டும் கொண்டுவந்திருந்தால் டி-3-இன் வாரிசுகளும் தோலாகப் போயிருக்கும்.

சரிஸ்காவின் பாதை இதைவிடக் கரடுமுரடானது. முதலில் வந்த ஆண்புலி 2010 நவம்பரில் நஞ்சிட்டுக் கொல்லப்பட்டது. பெண்புலிகள் வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2012-ல்தான் முதல் குட்டிகள் கண்ணில் பட்டன. காப்பகத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள், அவற்றின் எருமைகளும் ஆடுகளும், பாண்டுபோல் அனுமன் கோயிலுக்கு வரும் வாகனக் கூட்டம், ஊடறுக்கும் சாலைகள் என்று பெண்புலி நிம்மதியாகக் குட்டி போட ஒதுங்கும் இடமே சுருங்கிக் கிடந்தது. மனித நடமாட்டம் தந்த மன அழுத்தம் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஊர்கள் சில வெளியேறச் சம்மதித்து இடம் மாறின. பெண்புலிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டன. இப்போது அங்கும் எண்ணிக்கை 40-ஐத் தாண்டிவிட்டது. பொறுமை பலன் தந்தது உண்மை. ஆனால் ஊர் மாற்றத்தையும் கோயில் போக்குவரத்தையும் முதலில் பேசி முடித்துவிட்டுப் புலியைக் கொண்டுவந்திருந்தால் அந்த நான்கு ஆண்டுகள் வீணாகியிருக்காது.

சத்கோசியாவில் அந்தப் பொறுமைக்கும் இடம் இல்லாமல் போயிற்று. மகாநதிப் பள்ளத்தாக்கில் உள்ள அந்த ஒடிசா காப்பகத்துக்கு 2018-ல் கான்ஹாவின் ஆண்புலி ஒன்றும், பந்தவ்கரின் சுந்தரி என்ற பெண்புலியும் வந்தன. சில மாதங்களில் இரு மனித உயிர்கள் போயின. பழி சுந்தரியின் மீது விழுந்தது. ஊர்மக்கள் கொதித்தெழுந்தார்கள், வனத்துறையின் உடைமைகள் தீக்கிரையாயின. நவம்பரில் ஆண்புலி புண்பட்டு இறந்துகிடந்தது; சுருக்கில் சிக்கிய காயம் என்றே பரவலாகக் கருதப்பட்டது. சுந்தரியைப் பிடித்து அடைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைப்பில் கிடந்துவிட்டு 2021-ல் அது மத்தியப் பிரதேசத்துக்கே திரும்பியது. வெளியிலிருந்து புலி வரப்போகிறது என்பதை அதோடு வாழப்போகிற மக்களிடம் முன்கூட்டிச் சொல்லி, கேட்டு, அவர்கள் அச்சத்துக்கும் இழப்புக்கும் வழி செய்யாத திட்டம் அது. அதில் புலியின் குற்றம் ஒன்றும் இல்லை. பன்னாவின் வெற்றியைப் பற்றி அதிகாரிகள் எழுதிய அளவுக்குச் சத்கோசியாவின் தோல்வியைப் பற்றி எழுதவில்லை என்பது இத்துறையின் பெரிய குறை. அடுத்து இப்பணியில் இறங்குபவருக்கு அதிகம் உதவுவது அந்தத் தோல்வியின் ஏடுதான்.

அதே ஒடிசாவின் சிமிலிபாலுக்கு 2024-ல் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து இரண்டு பெண்புலிகள் போயின. அங்கே புலி அற்றுப்போகவில்லை. தனித்துப்போன சிறு கூட்டத்துக்குள் புது மரபணுவைச் சேர்ப்பது நோக்கம். அவற்றில் ஜீனத் என்ற புலி வெளியே விட்டதும் ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கம் வரை நடந்து, டிசம்பர் இறுதியில் பாங்குராவில் மயக்க ஊசியில் விழுந்தது. இடம் மாற்றப்பட்ட புலி ஆணோ பெண்ணோ, முதல் சில வாரங்களில் கிளம்பிப் போகக்கூடும் என்பது டி-3 கற்றுக்கொடுத்த பாடம். பின்தொடரும் குழுவும், பக்கத்து மாவட்டங்களோடும் மாநிலங்களோடும் பேசிவைத்த ஏற்பாடும் கூண்டு திறப்பதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

பன்னாவின் கதை பன்னாவோடு நிற்கவில்லை. அங்கே பிறந்த புலிகள் எல்லை தாண்டிச் சுற்றுவட்டக் காடுகளுக்கும், வடக்கே சித்ரகூடப் பகுதிக்கும் பரவின. உத்தரப் பிரதேசத்தின் ராணிபூர் 2022-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதற்கு இந்த நடமாட்டமே அடிப்படை. கொண்டுவந்து விட்ட புலியின் வாரிசு தன் காலால் நடந்து இன்னொரு காட்டை நிரப்பத் தொடங்கியிருக்கிறது. மீள்குடியேற்றத்தில் இதைவிடப் பெரிய பலன் இல்லை.

இந்த வேளையில்தான் கென்-பேத்வா நதிநீர் இணைப்புத் திட்டத்தின் தௌதன் அணைக்கு 2024 டிசம்பர் 25 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் டி-3-ஐ மீட்ட அதே தேதி. புந்தேல்கண்டின் தண்ணீர்ப் பஞ்சம் உண்மையானது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அணை நீர் பன்னா காப்பகத்தின் மையப்பகுதியில் மட்டும் 4,000 ஹெக்டேருக்கு மேல் மூழ்கடிக்கும். கென் ஆற்றின் இரு கரைக் காடுகளுக்கும் இடையே புலிகள் கடக்கும் வழிகள் நீருக்கடியில் போகும். ஈடாகத் தரப்படும் நிலம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது, பெண்புலி அங்கே போய்ச்சேர வழி உண்டா என்பதையும் கேட்டாக வேண்டும்.

களத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய காப்பகத்துக்குப் புலி கேட்டு முன்மொழிவு எழுதும்போது, முன்பு புலி ஏன் அழிந்தது, அந்தக் காரணம் நீங்கிவிட்டதா, பெண்புலி ஒதுங்க எத்தனை சதுர கிலோமீட்டர் தொந்தரவற்ற இடம் இருக்கிறது, சுற்றுவட்ட ஊர்கள் என்ன சொன்னன என்பவற்றை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். காலர் குழுவுக்கு ஐந்து ஆண்டுச் சம்பளத்தை அதே முன்மொழிவில் சேர்த்து ஒதுக்குங்கள். அங்கே பிறந்த பெண்புலி அங்கேயே குட்டி ஈனும் வரை ஆண்டறிக்கையில் ‘புலி திரும்பியது’ என்று எழுத வேண்டாம்.