அடித்துக் கொன்ற பிறகு பெயர் கேட்டு என்ன பயன்?



போன கிழமை தரம் 8 மாணவன் ஒருவன் ஷொப்பிங் பேக்கில் ஒரு சிலந்தியைக் கொண்டு வந்தான். உள்ளங்கையை விடப் பெரிசு. "சேர், இது என்ன இனம்?" என்று கேட்டான். அவனுடைய வாப்பா தும்புத்தடியால் அடித்த அடியில் வயிறு நசுங்கி, கால்கள் ஒடிந்து கிடந்தது. புலிமுகச் சிலந்தி என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. பின்னேரம் பார்த்தால் அதே சிலந்தியின் படம் ஊர் வட்ஸ்அப் குழுவில்: "கடித்தால் மரணம். கண்ட இடத்தில் கொல்லுங்கள்."

முதலில், புலிமுகச் சிலந்தி என்பது ஒரே இனமல்ல. பொசிலோதீரியா என்ற இந்தப் பேரினம் உலகத்திலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பல இனங்கள் ஒன்று போலவே தெரியும். வேறுபாடு பெரும்பாலும் கால்களின் அடிப்புறத்தில் உள்ள நிறத்திலும் பட்டைகளிலும்தான். நசுக்கிவிட்டால் அந்த அடையாளமும் போய்விடும்.

2009இல் மாங்குளத்தில் ஊர்வாசி ஒருவர் தான் கொன்ற ஆண் சிலந்தியை ஆய்வாளர் ரனில் நாணாயக்கார குழுவிடம் கொடுத்தார். அதன் அடையாளங்கள் அறிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஒன்றை வைத்து முடிவு சொல்ல முடியாதென்று அவர்கள் காடு காடாகத் தேடினார்கள். பெண் சிலந்திகளும் குஞ்சுகளும் கிடைத்த பிறகே அது புதிய இனம் என்று அறிவித்தார்கள். கால் விரித்தால் சுமார் 20 சென்றிமீற்றர். தேடலில் கூடவே அலைந்த பொலிஸ் பரிசோதகர் மைக்கல் ராஜகுமார் புராஜாவின் நினைவாக 'ராஜாயி' என்று பெயர் வைத்தார்கள். எல்லாம் ஒரு சாதாரண மனிதர் அந்தச் சிலந்தியைக் குப்பையில் வீசாததால் வந்தது.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பயம் நியாயம்தான், எனக்கும் பயம்தான். கடித்தால் கடுமையான வலி வரும், தசைப்பிடிப்பு வரும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் இது கடித்து மனிதர் இறந்ததாகப் பதிவில்லை. அது நம்மைத் தேடி வீட்டுக்கு வருவதுமில்லை. அதன் வீடு பழைய மரப்பொந்து. மரத்தை நாம் தறித்துவிட்டோம், அது பழைய கட்டடங்களுக்குள் வருகிறது.

அடுத்த முறை கண்டால் கையால் தொடாதீர்கள். கண்ணாடிப் போத்தலால் மெதுவாக மூடி, அடியில் தடித்த மட்டையைச் செருகி எடுங்கள். மேலிருந்தும் போத்தலின் அடிப்பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் இருக்கட்டும். திகதி, இடம், மரமா சுவரா என்று எழுதி வையுங்கள். பிறகு வீட்டுக்குத் தூரமாக ஒரு பெரிய மரத்தடியில் விட்டுவிடுங்கள்.

ஒரு விடயம்: சரியான இடத்தைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். வெளிநாடுகளில் இதை வளர்ப்பதற்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதனால்தான் 2019இல் இந்தப் பேரினத்தின் சர்வதேச வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். படத்தை எனக்கு அனுப்புங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை உயிரோடு ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆசை.