‘ட்ரைபல்’ என்பது யாருடைய பெயர்?

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் புத்தகக் கண்காட்சி பார்க்க வருகிற கூட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கைத்தறிப் புடவைக்கும் குர்தாவுக்கும் துணையாக ஒரு கறுத்த வெள்ளி நகை இருக்கும். கனத்த ஆரம், பட்டையான காப்பு, பெரிய மூக்குத்தி. ‘எங்க வாங்கினீங்க?’ என்று கேட்டால் கடைப் பெயரோ இன்ஸ்டாகிராம் பக்கமோ வரும். ‘யார் செஞ்சது?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ‘ட்ரைபல்.’

என் சண்டை இந்தச் சொல்லோடு. போட்டிருப்பவரோடு எனக்கு ஒரு தகராறும் கிடையாது.

நாம் பெயருக்காகச் சண்டை போடுகிற கூட்டம். மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடாத பதிப்பகத்தை முகநூலில் கிழித்துத் தொங்கவிடுகிறோம். ஓவியரின் பெயர் விட்டுப்போனால் பதிப்பாளரை மன்னிப்புக் கேட்க வைக்கிறோம். ஒருவருடைய கவிதையை இன்னொருவர் பெயர் சொல்லாமல் எடுத்தால் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இல்லை. எல்லாம் சரி. அந்தச் சண்டையைப் போடும்போது நம் கழுத்தில் தொங்குகிற பொருளுக்கு மட்டும் ‘ட்ரைபல்’ என்றால் போதும் என்று எப்படி ஆனது? ‘இந்த நாவலை எழுதினது யாரு?’ என்ற கேள்விக்கு ‘தென்னிந்தியர்’ என்று பதில் சொல்வதைப் போன்றது இது.

முதலில் உலோகத்தைப் பேசிவிடலாம். ‘ட்ரைபல் சில்வர்’ என்று விற்கப்படுவதில் கணிசமானது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கலவை அது. அதில் பொட்டு வெள்ளி கிடையாது. அசல் வெள்ளியிலும் அந்தப் பழைய கறுப்பு பெரும்பாலும் காலம் தந்ததல்ல. கந்தகச் சேர்மத்தில் முக்கி எடுத்தால் சில நிமிடங்களில் நூறு வயது ஏறிவிடும். மலிவான நகை வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் மலிவான உலோகத்துக்கு ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை, அதுவும் எந்த மக்கள் என்றே சொல்லாமல், முலாமாகப் பூசுவது வேறு விஷயம்.

அடுத்தது, அந்த நகைகளுக்குக் கீழே எழுதப்படும் வாசகங்கள். பனிக்காலம், நெருப்பு, ஆன்ம மறுபிறப்பு என்று ஒரு தொகுப்பே வரும். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பனிக்காலமும் நெருப்பும் உண்மையிலேயே ஒரு விழாவில் சேர்ந்திருந்த இடம் நம் மாநிலத்திலேயே உண்டு என்பது அந்த வாசகங்களை எழுதுகிறவர்களுக்குத் தெரியுமா?

நீலகிரியின் கோத்தர்களைச் சொல்கிறேன். கோத்தகிரி என்று போகிற போக்கில் சொல்கிறோமே, அந்தப் பெயரில் இருப்பவர்கள் அவர்கள்தான். மொத்தம் ஏழு ஊர்கள். சில ஆயிரம் பேர்கூடத் தேறாத சமூகம். இரும்பு, வெள்ளி, மரம், மண், தோல், இசை என எல்லா வேலையும் அவர்கள் கையில் இருந்தது. தோடர்களுக்கும் படகர்களுக்கும் கத்தி, அரிவாளோடு நகைகளும் கோத்தர் உலைகளிலிருந்து போயின. பதிலுக்கு நெய், எருமை, தானியம் வந்தன.

அவர்களுடைய பெரிய திருவிழா டிசம்பர், ஜனவரியில், நீலகிரியில் உறைபனி விழும் பருவத்தில் வருகிறது. பல நாள் நடக்கும். பூசாரி கோயிலில் மூட்டும் நெருப்பை ஊரின் ஒரு பகுதிக்கு எடுத்துச் சென்று, விழா முடியும்வரை அணையாமல் காத்தார்கள். அதைச் சுற்றி ஆடினார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் பதிந்திருக்கிறார்.    நகையில் சுடர் வடிவம் பொறித்து ‘நெருப்பு’ என்று பெயர் வைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

தர்ஸ்டன் யார்? எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மனிதர்களின் மூக்கை அளந்து இனம் பிரித்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி வெளியிட்டவர். அவருடைய பார்வையை நாம் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் பாருங்கள், மூக்கை அளந்த காலனிய அதிகாரிகூட ‘கோத்தர்’ என்று பெயரை எழுதினார். அவரைத் திட்டி வளர்ந்த நாம் ‘ட்ரைபல்’ என்று முடித்துக்கொள்கிறோம்.

இங்கே இன்னொரு கூட்டம் கை தூக்கும். ‘பழங்குடி நகையைப் பழங்குடி அல்லாதவர் போடவே கூடாது, அது திருட்டு’ என்று. இதையும் ஏற்க முடியாது. கோத்தர் உலையின் கதையே அடுத்தவருக்குச் செய்து கொடுத்த கதைதான். செய்தவர் ஒருவர், போட்டுக்கொண்டவர் இன்னொருவர். ஆனால் யார் செய்தது என்பது போட்டவருக்குத் தெரியும்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். இறந்த எருமையின் இறைச்சியை உண்பதைக் காட்டிக் கோத்தர்களைக் கீழே வைத்தவர்களுக்கும் அவர்கள் செய்த பொருள்கள் தேவைப்பட்டன. பொருள் வேண்டும், ஆனால் செய்தவன் பக்கத்தில் உட்காரக் கூடாது. நம் சாதி வரலாற்றில் இது புதிதா என்ன? இன்று பல கோத்தர்கள் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வேலை பார்க்கிறார்கள். உலையை விட்டு வெளியேற அவர்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. ‘கலை அழியுதே’ என்று நாம் உச்சுக்கொட்டத் தேவையில்லை. ஆனால் அவர்கள் விட்டுப் போன இடத்தில் பெயரில்லாத ஒரு ‘பழங்குடி’யை உட்காரவைத்து வியாபாரம் நடப்பதைக் கேள்வி கேட்கத் தேவை இருக்கிறது.

பழைய வெள்ளியை விற்கப் போனவர்களுக்கு ஒன்று தெரியும். தராசில் வைத்தால் எடைக்குத்தான் காசு. செய்கூலி அங்கேயே செத்துவிடும். அப்புறம் உருக்கிவிடுவார்கள்; எந்தக் கை, எந்த ஊர், எதுவும் மிஞ்சாது. ‘ட்ரைபல்’ என்ற சொல் அந்த வேலையை நகை கடைக்கு வரும் முன்பே முடித்துவிடுகிறது. கோத்தர், லம்பாடி, இன்னும் மத்திய இந்தியாவின், வடகிழக்கின் எத்தனையோ மக்கள், எல்லாரும் ஒரே பாளத்தில்.

‘கடைக்காரருக்கே தெரியாதுங்க, எங்க போய் கேக்கறது?’ என்பார்கள். தெரியாது என்றால் ‘தெரியாது’ என்று எழுதட்டும். பொய்ப் பெயரை எழுத வேண்டாம். பெயர் சொல்லி விற்க முடியாது என்பதும் சாக்குதான். தோடர்களின் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனால் தையல் போடும் பெண்கள் எல்லாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் அந்தச் சால்வையை ‘ட்ரைபல் எம்பிராய்டரி’ என்று விற்றால், ‘தோடர்னு சொல்லுங்க’ என்று திருத்த நமக்குச் சட்டத்தின் ஒரு காகிதமாவது இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். இது வெள்ளியா? இது யாருடைய வேலை? ‘ட்ரைபல்’ என்று பதில் வந்தால் விடாதீர்கள், ‘எந்த ட்ரைப்?’ என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். ‘மொழிபெயர்ப்பாளர் யாருங்க?’ என்று நாம் முதன்முதலில் கேட்டபோது பதிப்பாளர்களும் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். இன்று பல அட்டைகளில் பெயர் இருக்கிறது.