சிறு கோடு, பெரும் பொருள்



ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் நாணுகின்ற நம்மில் பலர், ஹைபன் எனும் இணைப்புக்குறி விடுபட்டால் மட்டும், "சின்னக் கோடுதானே!" என்று இருந்துவிடுகிறோம். அக்கோடு இல்லையேல் பொருளே மாறிவிடும் என்பதை நாம் உணர வேண்டும்.

'ட்வென்டி-ஆட் டீச்சர்ஸ்' என்றால் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆசிரியைகள். கோட்டை நீக்கினாலோ, அவர்கள் விசித்திரமான இருபது ஆசிரியைகள் ஆகிவிடுவர்! இதற்கு நாம் சிரிக்கலாம். மருந்து விஷயத்தில் சிரிக்க முடியுமா? 'ஃபைவ் ஹண்ட்ரட்-மில்லிகிராம் டேப்லெட்ஸ்' என்றால் 100 மில்லிகிராம் மாத்திரைகள் ஐந்து. 'ஃபைவ்' என்பதன் பின்னும் ஒரு கோடு இட்டால், ஒவ்வொரு மாத்திரையும் 500 மில்லிகிராம் ஆகிவிடும்.

விதி எளிதானதே. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் ஒன்றுகூடி, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரே அடையாக நின்றால் கோடு வேண்டும். 'எ வெல்-நோன் ரைட்டர்' என்பது காண்க. பெயருக்குப் பின் வந்தால் பெரும்பாலும் வேண்டா: 'தி ரைட்டர் இஸ் வெல் நோன்.' 'எ நியூலி பில்ட் சேப்பல்' என்பதிலும் வேண்டா. 'லி' என்று முடியும் அவ்வினையடை அடுத்த சொல்லைத்தான் தழுவும். அங்கே மயக்கத்திற்கு இடமில்லை.

இது நமக்குப் புதிதன்று. 'தந்த பலகை' என்றால் கொடுத்த பலகை. 'தந்தப்பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. தமிழில் ஒரு 'ப்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ஒரு கோடு செய்கிறது.

"2007-இல் வெளிவந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து ஹைபனை நீக்கிவிட்டதே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஐஸ்-கிரீம் இரு சொற்களாயிற்று. பம்பிள்-பீ ஒரே சொல்லாயிற்று. கோடு போனாலும் அங்கே பொருள் கெடவில்லை. பொருள் கெடும் இடத்தில் கோடு இருந்தே தீரவேண்டும்.

ஆகவே, பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, "எந்தச் சொல் எதனோடு சேர்கிறது?" என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வதே நன்று. ஹைபன் என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளும் 'ஒன்றாக' என்பதே. நாம் எழுதியதைப் படிப்பவர் அருகில் நின்று விளக்கம் சொல்ல நாம் இருக்கமாட்டோம். அக்கோடுதான் நமக்காகப் பேசவேண்டும். அதை மறவாமல் இடுவோமாக!