முதல் வெட்டு ஆய்வு நிதிக்கா?

கஜானா வற்றும்போது பல ஐரோப்பிய அரசுகளின் கத்தரி முதலில் ஆய்வு நிதியைத்தான் தேடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2028–2034 நிதித்திட்டத்தில் இந்தப் பழக்கத்துக்கு இடமிருக்கக் கூடாது என்பதே எங்கள் ஆய்வாளர் சங்கத்தின் நிலைப்பாடு.

2020 ஜூலையில் கொரோனா சரிவிலிருந்து மீள 75,000 கோடி யூரோ கடன் திரட்டலாம் என்று பிரஸ்ஸல்ஸில் ஐந்து நாள் பேசி முடிவெடுத்தார்கள் ஒன்றிய நாடுகளின் தலைவர்கள். அதே மேசையில், ஒன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்' ஆய்வுத் திட்டத்துக்கு ஐரோப்பிய ஆணையம் கேட்டிருந்த சுமார் 9,440 கோடி யூரோ 8,090 கோடியாகச் சுருங்கியது. ஐரோப்பிய நாடாளுமன்றம் மல்லுக்கட்டி 400 கோடியை மீட்டது. தடுப்பூசிக்காக உலகமே ஆய்வகங்களின் வாசலில் காத்துக் கிடந்த ஆண்டு அது!

வேறு வழியும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் சோவியத் வணிகம் அறுந்து, வங்கிகளும் தள்ளாடி, பின்லாந்தின் பொருளாதாரம் பத்து விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. மற்ற செலவுகளை இறுக்கிய அந்நாடு ஆய்வில் கை வைக்கவில்லை. பின்னர் அரசு நிறுவனப் பங்குகளை விற்ற பணத்தில் ஒரு பகுதியையும் அதில் போட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆய்வுச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் மூன்று விழுக்காட்டை எட்டியது. நோக்கியாவை அளவுக்கு மீறி நம்பியது பிற்பாடு சுட்டது, அது வேறு கதை. 2008 நெருக்கடிக்குப் பின் ஸ்பெயினோ ஆய்வு நிதியை வெட்டியது. இளம் ஆய்வாளர்கள் பெட்டி கட்டினார்கள். கலைந்த குழுவைப் பணம் வந்ததும் கூட்டிவிட முடியாது. கருவியைப் பழகிய கையும், பாதியில் நின்ற சோதனையின் நினைவும் ஆளோடு போய்விடுகின்றன.

ஆய்வுச் செலவில் அதே மூன்று விழுக்காட்டை 2010க்குள் எட்டுவோம் என்று 2002இல் பார்சிலோனாவில் ஒன்றியமே சொன்னது. இன்னும் இரண்டரையைக்கூடத் தொடவில்லை.

மீட்புக் கடனின் அசலைத் திருப்பும் காலம் 2028இல் தொடங்குகிறது. புதிய நிதித்திட்டமும் அப்போதுதான் தொடங்குவதால் கத்தரி மறுபடி நீளும் என்று அஞ்சுகிறோம். அடுத்த ஆய்வுத் திட்டத்துக்கு ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்தது 17,500 கோடி யூரோ. ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ திராகியின் 2024 அறிக்கை கேட்டதோ 20,000 கோடி. ஆணையத்தின் தொகைக்குக் கீழே ஒரு யூரோகூட இறங்கக் கூடாது. அடிப்படை ஆய்வுக்குரிய பங்கைத் தொழில் மானியத்துக்குத் திருப்பவும் கூடாது. பணம் மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. விண்ணப்பம் எழுதியே நாள் போகிறது என்று எங்கள் உறுப்பினர்களே புலம்புகிறார்கள். அந்தக் காகிதச் சுமையும் குறைய வேண்டும்.

ஐரோப்பாவில் வாக்குரிமையுள்ள தமிழ் வாசகர்கள் தங்கள் நாட்டு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இதை எழுதுங்கள். அந்த நாடாளுமன்றத்தின் இசைவில்லாமல் நிதித்திட்டம் நிறைவேறாது.