இருபத்திரண்டா, இருபத்து நாலா?

அமெரிக்காவில் நவம்பர் மாதம் வந்தால் ஆபீஸ்களில் லீவு லெட்டர்கள் குவியும். நம்மைப்போல் பாட்டிக்குச் சீரியஸ், மச்சினிக்கு நிச்சயதார்த்தம் என்று கதை விடமாட்டார்கள். 'மான் சீஸன்' என்று பச்சையாக எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியோடு கிளம்பிவிடுவார்கள். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரும் கிளம்பிவிடுவார். பென்சில்வேனியாவில் தாங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை பல பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை. காரணம், பல காலமாக அன்றைக்குத்தான் சீஸன் ஆரம்பம். 2019-ல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். லீவை மட்டும் பல ஊர்களில் விட மனசு வரவில்லை. எந்த ஊர் வாத்தியாருக்குத்தான் வரும்?

நம்ம ஊரில் இதெல்லாம் கனவிலும் கூடாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கிண்டியில் புள்ளிமானைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போவது உத்தமம். ஆனால் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் மட்டும் சுமார் மூன்று கோடி இருக்கின்றன. 1900 வாக்கில் சுட்டுத் தீர்த்துச் சில லட்சத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிறகு பயந்துபோய்க் காப்பாற்ற ஆரம்பித்து, இப்போது ஹைவேயில் காருக்குக் குறுக்கே வந்து விழும் அளவுக்குப் பெருகிவிட்டன. லைசென்ஸ் எடுத்து, சீஸனில், கணக்காகச் சுடலாம்.

எதால் சுடுவது என்பதில்தான் சண்டை.

நம்ம ஊர் டீக்கடையில் ரஜினியா கமலா என்று எவ்வளவு ஆவேசமாக அடித்துக்கொண்டோமோ, அவ்வளவு ஆவேசமாக அங்கே துப்பாக்கிக் கடைகளில் இருபத்திரண்டா, இருபத்து நாலா என்று அடித்துக்கொள்கிறார்கள். இது குண்டின் குறுக்களவு. ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கா, 24 பங்கா? மில்லிமீட்டரில் சொன்னால் 5.7-க்கும் 6.2-க்கும் உள்ள வித்தியாசம். அரை மில்லிமீட்டர் சமாசாரம்.

முதலில் ஒன்றைத் தெளிவு பண்ணிவிடலாம். தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டா என்பது முழு ஐட்டம்: பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, அடியில் பற்றவைக்கிற கேப், நுனியில் சொருகிய குண்டு. மானை நோக்கிப் போவது குண்டு மட்டும்தான். குண்டின் எடையைக் 'கிரெய்ன்' கணக்கில் சொல்வார்கள். ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராம். நம்ம சித்த வைத்தியர்கள் கணக்கில் ஓர் உளுந்து எடையும் அதே 65 மில்லிகிராம்தான். ஆக, 55 கிரெய்ன் குண்டு என்றால் 55 உளுந்து. மூன்றரை கிராம். 

பெயர் வைப்பதில் அமெரிக்கர்கள் நம்ம சென்னைக் கார்ப்பரேஷனைத் தோற்கடித்துவிடுவார்கள். .218 பீ, .221 ஃபயர்பால், .222, .223, .225, .220 ஸ்விஃப்ட் என்று வரிசையாக நம்பர்கள். எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது .224 அங்குலக் குண்டுதான். பழைய எண், புதிய எண் என்று இரண்டு போர்டு மாட்டிய தெருவில் வீடு தேடியவர்களுக்கு இது புரியும்.

இன்னொரு குழப்பம். கார்னிவலில் பலூன் சுட, முயல் சுட ஒரு சின்ன .22 இருக்கிறது. 'லாங் ரைஃபிள்' என்று பெயர். 1887-லிருந்து இருக்கிறது. இந்த .22-ம் 1964-ல் வந்த .223 ரெமிங்டனும் போடுகிற ஓட்டை கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் சின்னதின் குண்டு செகண்டுக்கு 365 மீட்டர் போகும். .223-ன் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது 990 மீட்டர். அதாவது ஒரு செகண்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போகிற வேகம். எனர்ஜி என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. (காமர்ஸ் படித்தவன் ஃபிஸிக்ஸ் பேசுகிறானே என்று முறைக்காதீர்கள். காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட்டை விட இது சுலபம்.) எடை கொஞ்சம் கூட, வேகம் இரண்டே முக்கால் மடங்கு, எனர்ஜியோ பத்து மடங்கு. அதனால்தான் சின்ன .22-ஐ மான் மீது பிரயோகிப்பதை அநேகமாக எல்லா மாநிலங்களும் தடுத்திருக்கின்றன. சண்டை .223-ஐப் பற்றித்தான்.

வர்ஜீனியா சட்டம் சொல்கிறது: மானுக்குக் குறைந்தது .23 வேண்டும். கொலராடோ இன்னும் கறார். குறைந்தது .24, குண்டு 70 கிரெய்னுக்குக் குறையக் கூடாது, அடித்தால் விரிகிற ஜாதியாக இருக்கணும், நூறு கஜத்தில் இத்தனை சக்தி மிச்சம் இருக்கணும் என்று இன்கம்டாக்ஸ் படிவம் மாதிரி ஷரத்துகள். 1955-ல் வந்த .243 வின்செஸ்டர் இந்த இரண்டு ஊரிலும் பார்டரில் பாஸ். டெக்ஸாஸ்காரர்கள் தாராளப் பிரபுக்கள். அடிப்பாகத்தின் நடுவில் கேப் வைத்த எந்தத் தோட்டாவானாலும் சரி, சுட்டுக்கோ என்று விட்டுவிட்டார்கள். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஜாதி மான். ரிச்மண்டில் குற்றம், ஆஸ்டினில் சமையல்.

ஏன் இவ்வளவு தகராறு? பெரிய துப்பாக்கியையே எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

உதைக்கும் ஸார். பரம்பரை பரம்பரையாக மான் சுட்டுவரும் .30-06 (1906-ல் பிறந்தது) தோளில் கொடுக்கும் உதை, .223 கொடுப்பதைப் போல நாலைந்து மடங்கு. நாலு தடவை வாங்கினால் ஐந்தாவது தடவை ட்ரிக்கரைத் தொடும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும், கை வெட்டிக்கொள்ளும். குண்டு மானுக்குப் பதில் மரத்துக்குப் போனால் பரவாயில்லை. மானின் வயிற்றுக்குப் போனால்தான் கஷ்டம்.

வேட்டைக்காரர்கள் வழக்கமாகக் குறிவைக்கிற இடம் ஒன்றுதான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுக்கூடு. இருதயமும் நுரையீரலும் சேர்ந்து நம்ம டிபன் தட்டு அளவு, எட்டு அங்குலம். அங்கே சரியாக விழுந்தால் சில செகண்டு. வயிற்றில் விழுந்தால் மணிக்கணக்கு, சிலசமயம் அடுத்த நாள் வரை. இந்தச் சண்டையில் பணயம் வைக்கப்படுவது இதுதான். சுடுபவரின் கௌரவம் எல்லாம் அப்புறம்.

ஸான் அன்டோனியோவில் இருக்கும் என் காலேஜ் தோழன் சொன்னான்: "எங்க ஆபீஸ் ஆள் தன் பன்னண்டு வயசுப் பொண்ணுக்கு .223 வாங்கிக் குடுத்திருக்கான்டா. உதைக்காது, பயப்பட மாட்டாங்கறான்."

"சரிதானே?"

"சரிதான். ஆனா இன்னொருத்தன் கேட்டான் பாரு ஒரு கேள்வி. அனுபவசாலி கையில இருக்க வேண்டிய துப்பாக்கியை எல்.கே.ஜி. கையில குடுக்கறியே, தப்பினா யார் பொறுப்புன்னு."

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெரிய குண்டு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தாலும், வழியில் எலும்பு குறுக்கிட்டாலும் சமாளித்துக்கொண்டு உள்ளே போய்விடும். சின்னக் குண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. தவிர, கிளம்பும்போது இருந்த சக்தி 200 கஜத்தில் பாதியாகிவிடும். ஆகவே .223-காரர் பக்கத்தில் வர வேண்டும், மான் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், அதுவரை பேசாமல் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயசில் யாருக்கு அந்தப் பொறுமை? அந்தப் பெண்ணுக்கு .243-ஐத்தான் நான் சிபாரிசு செய்வேன். உதை கூடத்தான், ஆனால் .30-06 அளவுக்கு இல்லை; சக்தி ஒன்றரை மடங்கு. அப்பாவுக்கு வேண்டுமானால் .223.

ஆனால் நம்பரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் முக்கால்வாசி விஷயத்தைக் கோட்டை விடுகிறார்கள். குண்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் கதாநாயகன்.

.223-க்கு மூன்று வகைக் குண்டுகள் கடையில் கிடைக்கும். ஒன்று, ப்ரெய்ரி டாக் என்கிற அணில் ஜாதிப் பிராணியைச் சுட. மேலே தாமிரத் தகடு மெல்லிசு, பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். இதை மான் தோள்மீது அடித்தால் மேலோடு பெரிய காயம், உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவது, பட்டாளத்துக் குண்டு. முழுக்கத் தகடு போர்த்தது. ஊசி மாதிரி இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். மான் பாட்டுக்கு ஓடும், எங்கேயோ போய்ச் சாகும். விலை மலிவு, பயிற்சிக்குச் சரி; வேட்டைக்குப் பல மாநிலங்களில் தடை. மூன்றாவதுதான் வேட்டைக் குண்டு. உள்ளே போய்க் காளான் மாதிரி விரியணும், ஆனால் உதிரக் கூடாது.

இதில் ஒரு சரித்திர விசித்திரம். இந்த விரிகிற குண்டுக்கு ஒரு பழைய பெயர், டம்டம். கல்கத்தா ஏர்போர்ட் இருக்கிற அதே டம்டம்தான். 1890-களில் அங்கேயிருந்த பிரிட்டிஷ் ஆயுதச் சாலையில் செய்தார்கள். 1899-ல் ஹேக் நகரில் பல நாடுகள் கூடி, யுத்தத்தில் இது வேண்டாம், கொடூரம் என்று முடிவெடுத்தன. ஆக, மனிதனைச் சுட விரியாத குண்டு, மானைச் சுட விரிகிற குண்டு. இரண்டுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றே: அநாவசிய வேதனை கூடாது. இன்னொன்றும் உண்டு. மானுக்குப் போதாது என்று வர்ஜீனியா ஒதுக்கிய இந்த .223-ஆல்தான் 2012-ல் கனெக்டிகட்டின் ஸாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான் ஒருவன். மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை. குண்டுக்குத் திரும்புகிறேன்.

விரியணும், உதிரக் கூடாது என்கிற வித்தையை ஒழுங்காகச் செய்து பெயர் வாங்கியவர் ஜான் நாஸ்லர். 1946-ல் கனடாவில் மூஸ் என்கிற யானை சைஸ் மானைச் சுட்டார். சேறு காய்ந்து அப்பிக்கிடந்த தோலில் குண்டுகள் மேலோடு சிதறின. மனுஷர் கடுப்பாகி ஊருக்கு வந்து, குண்டுக்கு நடுவில் ஒரு தாமிரத் தடுப்புச் சுவர் எழுப்பினார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே தள்ளிக்கொண்டு போகும். 1948-ல் 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் .223-க்கு 60 கிரெய்னில் கிடைக்கிறது. ஃபெடரல் ஃப்யூஷன் என்று 62 கிரெய்னில் ஒன்று, தகட்டையும் ஈயத்தையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியது. 1989-ல் பார்ன்ஸ் கம்பெனி ஈயமே இல்லாமல் முழுத் தாமிரத்தில் கொண்டுவந்தது.

தாமிரத்தில் ஒரு சிக்கல். ஈயத்தைவிட லேசு. அதே எடை வேண்டுமென்றால் குண்டு நீளமாகும். நீளமான குண்டு நேராகப் பறக்க வேகமாகச் சுழலணும், பம்பரத்துக்குச் சாட்டையை இறுக்கிச் சுற்றுவதுபோல. சுழற்றுவது குழலுக்குள் இருக்கும் புரி. பழைய துப்பாக்கிகளில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று; புதுசில் ஒன்பது, எட்டு, ஏழு. தாத்தா துப்பாக்கியில் பேரனின் தோட்டாவைப் போட்டால் குண்டு குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போகும். வாங்குமுன் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஈயம் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. வேகமான ஈயக் குண்டு பொடிப்பொடியாகக் கறிக்குள் தெறிக்கும், கண்ணுக்கே தெரியாது. 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கறியில் ஈயத் துணுக்கு இருப்பது தெரிந்து, அரைத்த கறியை விநியோகிக்காதீர்கள் என்று சுகாதாரத் துறை சொன்னது. கலிஃபோர்னியாவில் காண்டார் என்கிற ராட்சசக் கழுகு, வேட்டைக்காரர்கள் விட்டுப்போன மிச்சத்தைத் தின்று ஈய விஷத்தில் செத்தது. 1982-ல் உலகத்தில் மொத்தமே 22 பறவைகள். (அதே 22!) 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலையிலிருந்து அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்றாகிவிட்டது.

நல்ல தோட்டா விலை ஜாஸ்திதான். இருபது கொண்ட பெட்டி, பயிற்சித் தோட்டாவின் விலையைவிட இரண்டு, மூன்று மடங்குகூட இருக்கும். இதில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் என் பி.காம். ரத்தம் கொதிக்கிறது. லைசென்ஸ், பெட்ரோல், கூலிங் கிளாஸ், ஜெர்கின், லீவு எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டு, சீஸனில் இரண்டோ மூன்றோ சுடப்போகிற குண்டில் சிக்கனமா? தவிர, 1937-ல் போட்ட ஒரு சட்டப்படி ரைஃபிள், தோட்டா எல்லாவற்றுக்கும் 11 சதவீத வரி வசூலாகி, மாநிலங்களில் வனவிலங்குகளைக் காப்பாற்றும் வேலைகளுக்கே போகிறது. விலை உயர்ந்த தோட்டா வாங்கினால் மானுக்கும் இரண்டு காசு சேர்த்துப் போகும்.

சுட்டதும் ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது. அரை மணி உட்கார்ந்திருக்க வேண்டும். விரட்டினால் அடிபட்ட மான் மைல் கணக்கில் ஓடிவிடும். பிறகு மான் நின்றிருந்த இடத்துக்குப் போய் ரத்தம் பார்ப்பார்கள். நுரையோடு ரோஸ் கலர் என்றால் நுரையீரல், கிட்டத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். இன்னும் சில மணி நேரம் காத்திருக்கணும். பச்சையாக, நாற்றத்தோடு என்றால் வயிறு. ராத்திரி சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். .22 சைஸ் குண்டில் இங்கேதான் வில்லங்கம். ஓட்டை சின்னது, ரோமமும் கொழுப்பும் அதை அடைத்துக்கொள்ளும். மறுபக்கம் குண்டு வெளியே வராவிட்டால் தரையில் சொட்டு ரத்தம் இருக்காது. அப்போது டார்ச்சைப் பிடித்துக்கொண்டு புதர் புதராகத் தேட வேண்டும். தாராளப் பிரபு டெக்ஸாஸ்கூட இதில் கறார். அடிபட்ட மானை நியாயமான முயற்சி எடுத்துத் தேடாமல் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனால் கேஸ்தான்.