பஸ் நிறுத்தம் வரை யார் பொறுப்பு?

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலவரை 2026. மூன்றாவது திட்டம் இறுதியாகும் முன் இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையிலிருந்து வேலை மாற்றலில் சென்னைக்குக் குடிவந்தவன். வீடு தேடும்போது புரோக்கரிடம் இரண்டு நிபந்தனை சொன்னேன். வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வண்டி ஓட்டத் தெரியாத என் அம்மா காய்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் துணையில்லாமல் நடந்து போய்வர வேண்டும். "ரெண்டும் சேந்து கெடைக்காது சார், ஏதாவது ஒண்ண விடுங்க" என்றார் அவர். ஊரைத் தெருத்தெருவாக அறிந்தவர். பொய் சொல்லவில்லை.

நடக்க ஏற்ற இடங்கள் சென்னையில் இல்லாமல் இல்லை. மேற்கு மாம்பலத்தில் ரயில், காய்கறி, கோயில், டாக்டர் எல்லாம் கூப்பிடு தூரம். நங்கநல்லூரும் பெரம்பூரும் அப்படித்தான். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டதால், அந்தப் பாதையில் பல இடங்களில் நிலையத்தைச் சுற்றிக் கடைத்தெருவும், கடைத்தெருவைச் சுற்றி வீடுகளுமாக ஊர் வளர்ந்தது. அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர், பெசன்ட் நகர் எல்லாம் அரசு வாரியம் மனை பிரித்துக் கொடுத்த இடங்கள். அங்கே தெருவோடு சேர்த்து பள்ளிக்கும் பூங்காவுக்கும் கடைகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். ஆக, எப்படிச் செய்வதென்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. இன்று அந்த இடங்களில் வாடகை கேட்டால் மாதச் சம்பளக்காரனுக்கு மூச்சு முட்டுகிறது. கல்யாணமாகாத ஆணுக்கு மட்டும் திருவல்லிக்கேணி மேன்ஷன் இருக்கிறது: ஓர் அறை, கீழே மெஸ், ஐந்து நிமிட நடையில் பஸ். குடும்பஸ்தனுக்கு அப்படி ஒன்றை இந்த ஊர் யோசித்ததே இல்லை.

கட்டுப்படியாகும் வீடு எங்கே என்றால் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்கு உள்ளே. மேற்கே திருநின்றவூர்ப் பக்கம். விளம்பரப் பலகையில் 'ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து 5 நிமிடம்' என்று போட்டிருக்கும். அது பைக்கில் ஐந்து நிமிடம். கால்நடையாகப் போனால் கதை வேறு. மனைப்பிரிவுக்குள் முப்பதடித் தார் ரோடு பளபளவென்று இருக்கும். அலங்கார வளைவைத் தாண்டியதும் பழைய கிராமத்துச் சாலை. பாதிச் சாலையைத் தண்ணீர் லாரி அடைத்துக்கொள்ளும், மீதியில் ஷேர் ஆட்டோ ஒதுங்கும். மழைநீர் வடிகால் கட்டியிருந்தால் அதன் மூடிப் பலகைதான் நடைபாதை. அதுவும் வீட்டுக்கு வீடு கார் ஏற்றச் சரிவு போட்டிருப்பதால், பத்தடிக்கு ஒரு தரம் ஏறி இறங்க வேண்டும். நடுவே ஒரு பலகை உடைந்திருக்கும், அடுத்ததில் மின்வாரியப் பெட்டி நிற்கும். முழங்கால் தேய்ந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி இதில் இறங்கி நடக்க மாட்டார், வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம். ஆனால் அந்த பஸ் வரை போய்ச் சேர ஷேர் ஆட்டோவுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டியிருக்கிறதே!

வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஸ்கூட்டர் தவணைக்கும் பெட்ரோலுக்கும் போய்விடுகிறது. வீட்டில் வேலைக்குப் போகிறவர் இருவர் என்றால் வண்டியும் இரண்டு. மலிவான வீடு என்று வந்தவன் வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால், மாம்பலத்தில் இருப்பவனுக்குச் சமமாகச் செலவழித்திருப்பான். சாலையில் கழிந்த நேரம் தனி.

இதை ஏன் மாநகராட்சி ஆணையருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை 2014-லேயே மாநகராட்சி ஏற்றது. பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை 2019-ல் வந்தது. எல்லாம் மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டருக்குள். ஊருக்குப் புதிதாக வருகிறவனுக்குக் கட்டுப்படியாகும் வீடு பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஊராட்சி ஒன்று, பேரூராட்சி ஒன்று, நெடுஞ்சாலைத் துறை ஒன்று என்று ஆளுக்கொரு துண்டு. பழைய கணக்கில் 1,189 சதுர கிலோமீட்டர், 2022 அறிவிப்பின்படி 5,904 சதுர கிலோமீட்டர் என்று மொத்தத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற அலுவலகம் உங்களுடையது.

அதிகாரமும் உங்களிடம் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதித் தந்தால்தான் அனுமதி. உள்சாலைகளும் அப்படியே உள்ளாட்சிக்குப் போகின்றன. பூங்கா எங்கே என்று கேட்கிற நீங்கள், அந்த மனையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போக வழி எங்கே என்று கேட்பதில்லை. அணுகுசாலை எத்தனை மீட்டர் அகலம் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கார் வந்து போனால் போதும் என்று அதற்கு அர்த்தம்.

நான் கேட்பது இதுதான். மனைப்பிரிவு வரைபடத்தில், மிக அருகிலுள்ள பஸ் நிறுத்தமோ ரயில் நிலையமோ வரையிலான நடைவழியைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி குடியிருப்புப் பகுதி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லா அகலம் கேட்கிறது. அதே அளவை விதியில் எழுதுங்கள். வழி இல்லையென்றால், கட்டட அனுமதியின்போது வாங்குகிற உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணத்திலிருந்து முதலில் அதைப் போடுங்கள். அது முடியும்வரை மனை விற்க விடாதீர்கள். நடைபாதையில் நடப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டதால், இது சலுகை கேட்கும் மனுவும் அல்ல.

மெட்ரோ வழித்தடங்களின் ஓரம் உயரமாகக் கட்ட விட்டால் வீடு பெருகும், விலை குறையும் என்று ஒரு வாதம் உண்டு. நீச்சல் குளத்தோடு வரும் மூன்று படுக்கையறை வீடுகள் பெருகினால் எனக்கென்ன பயன்? உயரத்துக்கு அனுமதி தரும்போது சிறிய வீடுகள் இத்தனை என்று நிபந்தனை போட்டால்தான் அந்த வாதம் நிற்கும்.

வாடகையும் நடையும் ஒத்துவந்த ஓரிரு இடங்களில் வீட்டுக்காரர் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டதையும், மூன்று மாத முன்பணம் என்று 2017 வாடகைச் சட்டம் சொல்லியிருக்க, பத்து மாதம் கேட்டதையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. அவை உங்கள் அதிகாரத்துக்கு வெளியே உள்ளவை. ஆனால் கிளாம்பாக்கம் உங்கள் கைவேலை. 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் பேருந்து முனையம் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, மூட்டையும் பிள்ளையுமாக ஜி.எஸ்.டி. சாலையோரம் வந்து சேர வேண்டியிருந்தது. கட்டடத்தை முதலில் கட்டுவோம், நடந்து வருகிறவனைப் பிறகு பார்ப்போம் என்கிற அந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும் நாளில் நடைவழி விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் தேடுவேன். இல்லையென்றால் இதே கோரிக்கையை ஆட்சேபணையாக எழுதித் தருவேன். தெற்கிலும் மேற்கிலும் புறநகரில் குடியிருப்பவர்களும் அப்படியே எழுதித் தர வேண்டுமென்று இந்த மடலைப் படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புறநகரில் வாடகைக்குக் குடியிருப்பவன் ஒருவன்